பாட்டு முடியும்வரை அவுட் இல்லை

சுகந்தாமணியின் கணவன் சென்னியப்பன் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக மட்டை பிடித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

கல்யாணமும் மைதானத்தில்தான் நடந்தது. பெண் வீட்டார் பல்லடத்திலிருந்து வேன் வைத்துப் போனார்கள். சென்னியப்பன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாலி கட்டினான். பந்து வீசுபவர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். கேலரியில் பள்ளிக்கூட பேண்டு அவனுடைய உற்சாகப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்ததால் கெட்டிமேளம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணை வேனில் ஏற்றித் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஆட்டத்தில் இருந்தார்.

ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் அப்படி. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவன் மட்டையோடு வந்து நின்றால் பள்ளிக்கூடமே கேலரியில் எழுந்து நின்று, டிரம்பெட் ஊதி, டிரம் அடித்து, அவன் பெயரைச் சொல்லிப் பாடும். மெட்டு ஏதாவது பழைய கார்ட்டூனிலிருந்து எடுத்ததாக இருக்கும். சென்னியப்பனின் பாட்டில் இரண்டே சொற்கள். “சென்-னி-யப்-பா, அடி அடி! சென்-னி-யப்-பா, அடி அடி!” இதைக் கேட்டுப் பல்லடத்தில் பலர் கண் கலங்கினார்கள்.

சுகந்தாமணி கலங்கவில்லை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவது அவள் வேலை. அந்தப் பாட்டையும் அவள் அப்படித்தான் கேட்டாள். அதில் ஓட்டையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா இந்தப் பாட்டுக்காகவே ஒலிபெருக்கியாகிவிட்டார். குழாய் வகை. சாயங்காலமானால் அவர் மகன் அவரை மொட்டை மாடிக் கம்பியில் கட்டுவான். ஜப்பானிலிருந்து வரும் பாட்டு அவர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்கும். தெருவில் போகிறவர்கள் சுகந்தாமணியின் வாசலில் நின்று, “குடுத்து வச்சவ அம்மிணி நீயி” என்பார்கள். தண்ணீர் லாரி வந்தால் அவள்தான் குடம் தூக்கினாள். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் அவள்தான் கோயமுத்தூர் கூட்டிப்போனாள். போகும்போதும் வரும்போதும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. தெருவே திரண்டு வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று, “சு-கந்-தா-மணி, எழு எழு!” என்று தாளம் தவறாமல் தட்டினார்கள். சிலர் அழுதார்கள். கஞ்சி யாரும் கொண்டுவரவில்லை.

அவர்கள் போன பிறகு அவளே எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். புருஷனைக் கூட்டிவரக் கிளம்பினாள்.

பல்லடத்திலிருந்து மைதானத்துக்கு நேர் பஸ் உண்டு. சூலூரில் டீக்கு நிற்கும். பிறகு கடல் வரும். கண்டக்டர் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

மைதானத்தின் வாசலில் நின்ற பெண் கொங்குத் தமிழில் பேசினாள். ஜப்பானில் அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

“நீங்க டிரம்பெட்டுங்களா, டிரம்முங்களா?”

“நானு சென்னியப்பன் சம்சாரமுங்க.”

“அப்பிடியொரு வாத்தியம் இங்க இல்லீங்களே.”

“வாத்தியமில்லீங்க. பொண்டாட்டி.”

அந்தப் பெண் யோசித்தாள். “அப்பக் கைதட்டற பக்கமாப் போயிருங்க” என்று சொல்லி, இரண்டு பிளாஸ்டிக் புனல்களைக் கையில் கொடுத்தாள். ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் சத்தம் வரும். வாயில் வைத்துக் கத்தவும் செய்யலாம். வேறு எதற்கும் உதவாது.

கேலரிக்கு அடியில் ஒரு நடை இருந்தது. மேலே பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போதெல்லாம் அந்த நடைவழி கொஞ்சம் நீண்டது. சுகந்தாமணி நடந்து பார்த்தாள். வாசல் தள்ளிப் போனது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். நடை அதை எதிர்பார்க்கவில்லை. வந்து சேர்ந்துவிட்டாள்.

வெளியே ஆகஸ்ட் மாத வெயில். கேலரி முழுக்க பிளஸ் டூ மாணவர்கள். பாதிப் பேருக்கு நரைத்திருந்தது. எல்லோரும் சீருடையில் இருந்தார்கள். டூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதும் மாணவர் மயங்கி விழுந்திருந்தார். ஊதுவதை நிறுத்தவில்லை. அவர் நெற்றியில் ஒரு ஈரத்துண்டு போட்டிருந்தார்கள். டூபாவுக்கு இரண்டு துண்டு போட்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால், ஒரு பெட்டியின் மேல், உற்சாகக் குழுத் தலைவர் ஒகடா நின்றார். முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, நெற்றியில் பட்டை. அவரும் பிளஸ் டூதான். அவருடைய பேரன் அதே வகுப்பில் கிளாரினெட் வாசித்தான். ஒகடா இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். தாடையிலிருந்து கண்ணீர் சொட்டியது. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சுகந்தாமணி பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். “என்ற வீட்டுக்காரரு எப்பிடி இருக்கறாருங்க?”

“ஆருங்க?”

“சென்னியப்பன்.”

ஒகடாவின் முகம் மலர்ந்தது. “அவருக்குத்தானுங்க இத்தன வருஷமாப் பாடிட்டு இருக்கறோம். உசிரக் குடுத்துப் பாடறோம்.”

“சேரிங்க. ஆளு எப்பிடி இருக்கறாரு?”

“அது எனக்கெப்பிடிங்க தெரியும்? நானு இந்தப் பக்கம் பாத்துத்தான நிக்கறேன்.”

“ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கலீங்களா?”

“தலைவரு திரும்பப்படாதுங்க” என்றார் ஒகடா. அவர் குரலில் கோபம் இல்லை. இதுகூடத் தெரியாதவளைப் பார்த்து வந்த இரக்கம்தான் இருந்தது. “பேண்டு என்னையப் பாக்கும். கைதட்டறவிய பேண்டைப் பாப்பாங்க. அல்லாரும் ஒத்துமையா இருக்கறோம்.”

சுகந்தாமணி கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. அத்தனை ஆயிரம் கண்களில் ஒரு ஜோடிகூட மைதானத்தில் இல்லை. அவள் அந்தப் பிளாஸ்டிக் புனல்களை ஒரு பெஞ்சின் அடியில் போட்டுவிட்டு, படி இறங்கி, வேலியோரம் போனாள்.

சென்னியப்பன் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தொப்பை சீருடையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. பின்னால் அம்பயர் குந்தியிருந்தார். அவர் தோளில் பாசி படர்ந்திருந்தது.

“ஏனுங்க” என்று கூப்பிட்டாள்.

“சுகந்தாவா?” அவன் கண்ணை மட்டும் திருப்பினான். “எப்ப வந்த? சாப்டியா?”

“ஊட்டுக்குப் போலாம், வாங்க.”

“எப்பிடி வாரது? பாடிட்டு இருக்கறாங்கல்ல.”

“பாடட்டும். நீங்க வாங்க.”

“பாட்டுல எம் பேரு வருது கண்ணு” என்றான் சென்னியப்பன். “வேற ஆரு பேரும் வர்றதில்ல. கேட்டுப் பாரு.”

அவள் கேட்டாள். வந்தது. உடனே மறுபடியும் வந்தது.

“அடி அடிங்கறாங்களே” என்றாள் சுகந்தாமணி. “அடிச்சுத் தொலைக்கறதுதானுங்க?”

“பந்து வந்தாத்தான அடிக்கறது?”

அப்போதுதான் அவள் பந்து வீசுபவரைப் பார்த்தாள். மைதானத்தின் நடுவில் மண்மேட்டில் நின்றார். மியாகே என்று பெயர். கையில் பந்து இருந்தது. தாடி இடுப்பைத் தொட்டது. கல்யாணத்தன்று கழற்றிய தொப்பி இன்னும் இன்னொரு கையில்தான் இருந்தது. சுகந்தாமணி வேலியைத் திறந்துகொண்டு அவரிடமே போனாள். யாரும் தடுக்கவில்லை.

“ஏனுங்க, பந்தப் போட மாட்டீங்களா?”

“பாட்டு நடக்கீல போடறது மரியாதையில்லீங்களே. முடியட்டும்னு நிக்கறேன்.”

“அது எப்ப முடியும்?”

“அந்தப் பாட்டுக்கு முடிவே எழுதலீங்க” என்றார் மியாகே. “பாதியிலயே ஆளு அவுட்டாயிருவான்னு வாத்தியாரு விட்டுட்டாராமா. பாட்டு முடியறவரைக்கும் அவுட்டும் கெடையாது. எனக்கும் ஊட்டுல சோலி கெடக்குதுங்க.”

“நடுவுல மூச்சுக்கூட உட மாட்டாங்களா?”

“மொறை வெச்சு உடறாங்க. ஒருத்தரு உடீல இன்னொருத்தரு ஊதுவாரு.” மியாகே தாடியைச் சொறிந்தார். “ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நிறுத்துவாங்க. எதிர்ப் பக்கத்துக்காரங்க மரியாதைக்கு வாழ்த்துச் சொன்னா, வாய மூடிக் கேட்டுக்கோணும். அது வழக்கம்.”

“அந்தப் பக்கம் சொல்லலீங்களா?”

“கேக்கறதுக்கு ஆளில்லீங்க. நானு எடத்த உட்டு நகரப்படாது. உங்க ஊட்டுக்காரரும் நகரப்படாது.”

“நகரலாமுன்னாலும் அவரு நகர மாட்டாருங்க” என்று சொல்லிவிட்டு, சுகந்தாமணி மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிர்க் கேலரிக்கு ஏறினாள்.

அங்கே இதே அளவு கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர்கள் அணி பந்து போடும் முறை. அந்த முறையில் பாடக்கூடாது என்பது விதி. டிரம்பெட்டுகள் மடியில் கிடந்தன. ஒரு டூபாவில் புறா குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் குஞ்சுகளும் பெரிதாகி அதே டூபாவில் குடும்பம் நடத்தின. அவர்களுடைய தலைவி கட்சுரா என்கிற அம்மாள். அவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

“எங்க மொறை வரட்டும்னு இருக்கறோமுங்க” என்றார் கட்சுரா. “வந்துதுன்னா பாருங்க. எங்காளுக்கு அப்பிடியொரு பாட்டு வெச்சிருக்கறோம்.”

“எந்த ஆளு?”

“மொதல்ல மட்டை புடிக்கறவரு.”

“அவரு எங்கீங்க?”

“தெரியலீங்க. பாட்டுத் தயாரா இருக்குது.”

சுகந்தாமணி தன் கம்பெனியில் கிழிந்த துணியைப் பார்ப்பதுபோல அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்க பக்கத்துக்கு ஒரு வாழ்த்துச் சொல்லோணுமுங்க. மரியாதைக்கு.”

கட்சுராவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. “சத்தமாச் சொல்லலாங்களா?”

“எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லுங்க.”

கூட்டம் எழுந்தது. முழங்கால்கள் பட்டாசுச் சரம்போலச் சடசடத்தன. புறாக்கள் முகம் சுளித்துக்கொண்டு வெளியேறின. கட்சுரா கைகளைத் தூக்கினார். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக எதிரணிக்கு வாழ்த்துச் சொன்னன. எதற்கு வாழ்த்து என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார்கள்.

மைதானத்தின் அந்தப் பக்கம் ஒகடாவின் கைகள் பாதி வானத்தில் நின்றன. காதில் விழுந்துவிட்டது. வழக்கம் வழக்கம்தான். அவர் கைகளை இறக்கித் தொடையோடு சேர்த்துக் குனிந்தார். டிரம்பெட்டுகள் இறங்கின. டிரம் நின்றது. மயங்கிக் கிடந்த மாணவர்கூட டூபாவை வாயிலிருந்து எடுத்தார். வாழ்த்து முடிந்தது. அதற்குப் பதில் வணக்கம் சொல்ல வேண்டும். ஒகடா குனிந்தபடியே சரியான சொல்லைத் தேடினார்.

சென்னியப்பன் ஒரு ஈ பறக்கும் சத்தத்தைக் கேட்டான்.

மியாகே தொப்பியைத் தலையில் வைத்தார். பந்தை வீசினார்.

மூன்றைத் தவறவிட்டால் அவுட். சென்னியப்பன் கல்யாணத்துக்கு முன்பே, பாட்டு தொடங்குவதற்குள், இரண்டைத் தவறவிட்டிருந்தான். பந்து வந்தது. வெள்ளையாக, சிவப்புத் தையலோடு, அவசரமில்லாமல் வந்தது. அவன் அதைப் பார்த்தான். கடந்து போனபோது கழுத்தைத் திருப்பியும் பார்த்தான். மட்டை தோளை விட்டு அசையவில்லை. யாரும் அடி என்று சொல்லவில்லை.

“அவுட்” என்றார் அம்பயர். எழுந்து நின்றார். தோளிலிருந்து பாசி உதிர்ந்தது.

கேலரியில் அழுகை வெடித்தது. அதுதான் அவர்களுடைய நாளிலேயே நல்ல பொழுது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒகடா பெட்டியிலிருந்து விழுந்து, தரையைக் குத்தி, “பிரமாதமாப் பாடினோம்! பிரமாதமாப் பாடினோம்!” என்று கதறினார். சென்னியப்பன் பெயரை யாரும் சொல்லவில்லை. அது பாட்டில் மட்டும்தான் வரும்.

சுகந்தாமணி வேலிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். தோற்றவர்கள் மைதானத்து மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டு ஊர் போவது அங்கே பழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தாள். மண் அள்ளட்டும், எப்படியும் சட்டையைத் துவைக்கத்தான் போகிறோம் என்று நினைத்தாள்.

சென்னியப்பன் மண் அள்ளவில்லை. மட்டையை வைத்துவிட்டு ஒரு தோல் கையுறையை எடுத்தான். இடது கோடியைப் பார்த்து நடந்தான்.

“எங்கீங்க போறீங்க?”

“எங்கள்ல மூணாவது ஆளும் அவுட்டாயாச்சு. இனி அவங்க மட்டை புடிக்கற மொறை சுகந்தா. நானு பீல்டிங் நிக்கோணும்.”

“அது எப்ப முடியும்?”

“அவங்க பாட்டு முடியோணுமல்ல” என்றான்.

எதிர்க் கேலரியில் டிரம்பெட்டுகள் எழுந்தன. கட்சுரா அழுதுகொண்டே கைகளை வீசினார். மட்டை பிடிக்க யாரும் வரவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் எல்லோரும் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மியாகே வீட்டுக்குப் போய்விட்டார். அதையும் யாரும் பார்க்கவில்லை.

சுகந்தாமணி நின்று யோசித்தாள். அந்த மைதானத்தில் இதற்கு முன் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஒகடாவின் முதுகைப் பார்த்தாள். கட்சுராவின் முதுகைப் பார்த்தாள். பிறகு நேராகப் புல்லின்மேல் நடந்து இடது கோடிக்குப் போய், சென்னியப்பனின் கையைப் பிடித்தாள். மட்டையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் வளைந்தே இருந்தன. அவள் அவற்றைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நடங்க” என்றாள்.

“பாத்துருவாங்க.”

“ஆரு?”

அவன் கேலரிகளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நன்றாகப் பார்த்தான். அவன் முகம் சின்னதாகிப் போனது. அவள் இழுத்த பக்கம் நடந்தான். மைதானத்தின் குறுக்கே, பாட்டின் நடுவே, இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நேராக பஸ்ஸில் ஏறினார்கள்.

கடல் வந்ததும் அவன் தூங்கிவிட்டான். தலை அவள் தோளில் சாய்ந்தது. ஒட்ட வெட்டிய முடி கன்னத்தில் குத்தியது. அவன்மேல் வெயில் வாசனையும் இரும்பு வாசனையும் அடித்தன. அவள் நகர்ந்து உட்காரவில்லை. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று கேட்க நினைத்தாள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எழுந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பல்லடம் வந்தது. முதலில் அவள் இறங்கினாள். சென்னியப்பன் பின்னால் வந்து, கீழ்ப்படியில் நின்றான். ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலோடு நின்றுவிட்டான்.

“எறங்குங்க” என்றாள்.

“ஆரும் ஒண்ணும் பாடலியே.”

“எறங்கறதுக்கு எதுக்குங்க பாட்டு?”

“தெரியல சுகந்தா. காலு வெக்க வர மாட்டேங்குது.”

கண்டக்டர் நல்ல மனிதர். நிலைமையைப் புரிந்துகொண்டு விசிலைத் தாளமாக ஊதினார். முன் சீட்டில் ஒருவர் டிபன் கேரியரைத் தட்டினார். பின் சீட்டுக்காரர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். “சென்-னி-யப்-பா, எறங்கு எறங்கு!” டிரைவர் ஹாரனால் சேர்ந்துகொண்டார். எல்லோரும் கண்டக்டரின் விசிலையே பார்த்துத் தட்டினார்கள். ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார்.

சென்னியப்பனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. முதுகு நிமிர்ந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.

“போதும். வையுங்க காலை” என்றாள் சுகந்தாமணி.

“ஒரு நிமிஷம் இரு கண்ணு” என்றான் அவன். “நல்லாப் போயிட்டிருக்குது.”

அவள் இருந்தாள். ஒரு நிமிஷத்துக்கும் மேலேயே இருந்தாள். கையை நீட்டிக்கொண்டும் இருந்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

கண்டக்டருக்கு நேரமாகியிருந்தது. விசிலை நிறுத்தாமலே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் நகர்ந்தது. தாராபுரம் ரோட்டில் வளைவுவரை அந்தக் கால் வெளியே தெரிந்தது. அப்புறம் கைதட்டல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

சுகந்தாமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ரோட்டோரம் ஒரு பெண் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருந்தாள். ஒன்றும் கூவவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். சுகந்தாமணி அவள் எதிரில் குந்தி, ஒவ்வொரு தக்காளியாகத் திருப்பிப் பார்த்து, அழுகலை ஒதுக்கினாள்.

“எத்தன பேத்துக்குங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எனக்குத்தான்” என்றாள் சுகந்தாமணி.